கதை எதைப் பற்றியது, கதை என்ன சொல்கிறது: கருப்பொருளைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்தில் ஞாயிறுதோறும் கூடுகிற எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை எடுத்துக்கொண்டோம். வந்திருந்தவர்களிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நாவலின் கருப்பொருள் என்ன என்று ஒரே வரியில் எழுதச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் ‘நிலத்தகராறு’ என்றும், ‘விதவையின் துயரம்’ என்றும், ‘கூட்டுக்குடும்பச் சிதைவு’ என்றும் எழுதப்பட்டிருந்தன. முதுகலை முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவர் மட்டும் தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஏனுங்கய்யா, இந்த ஒரு சொல்லுக்குத்தான்னா முழுப் புஸ்தகத்தையும் எதுக்குங்க படிக்கறது? பின்னட்டையைப் பார்த்தாலே போதுமுங்களே?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் பல கூட்டங்களில் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்ட பதிலையே இங்கு எழுதுகிறேன். கல்லூரியில் இலக்கியம் படிப்போரையும், வாசிப்பு வட்டம் நடத்துவோரையும், படித்த நூலைப் பற்றி இரண்டு பக்கமாவது உருப்படியாக எழுத விரும்புவோரையும் மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம்

‘கருப்பொருள்’ என்னும் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய பாடநூல்களிலும் நூல் மதிப்புரைகளிலும் ஒரு படைப்பின் மையக்கருத்தை இச்சொல்லால் குறிக்கிறோம். தொல்காப்பியத்தில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. ‘முதல் கரு உரிப்பொருள் என்ற மூன்றே நுவலுங் காலை முறைசிறந் தனவே’ என்று அகத்திணையியல் வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பனவும் அவற்றின் நிமித்தங்களும் உரிப்பொருள். அதாவது இன்று நாம் கருப்பொருள் என்று தேடுவது தொல்காப்பியரின் கணக்கில் உரிப்பொருளுக்கு அருகில் நிற்கிறது. அவர் கருப்பொருள் என்றதோ கதைக்குள் கைக்கு எட்டும் பொருள்களை.

இதைச் சொல் ஆராய்ச்சிக்காக மட்டும் நான் கூறவில்லை. முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்பது ‘முறைசிறந்தனவே’ என்பதற்கு உரையாசிரியர்கள் தந்த விளக்கம். சிறப்பில் உரி முதலிடம் பெற்றாலும், வாசகர் அதனிடம் சென்று சேர்வது நிலத்தின் வழியாகவும் பொழுதின் வழியாகவும், மரத்தின் வழியாகவும் மாட்டின் வழியாகவும்தான். மாணவர்கள் செய்யும் தவறு இந்த வழியைக் கடக்காமலேயே உரியின் பெயரைச் சொல்லிவிடுவது. ஆகவே இவ்வழிகாட்டி முழுவதிலும் பொருள்களில் தொடங்கிக் கருத்தில் முடியும் வரிசையையே பின்பற்றுகிறேன். பழக்கத்தை ஒட்டி, மையக்கருத்தைக் கருப்பொருள் என்றே தொடர்ந்து குறிப்பிடுகிறேன்.

இன்னும் ஒரு வேறுபாட்டையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். ‘நிலத்தகராறு’ என்பது பேசுபொருள். அதைக் கொண்டு நூறு கதைகள் எழுதலாம். ‘அடுத்தவர் நிலத்துக்கு ஆசைப்படாதே’ என்பது நீதி. அதைக் கதை இல்லாமலேயே சொல்லிவிடலாம். கருப்பொருள் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: குறிப்பிட்ட ஒரு படைப்பு, தன் பேசுபொருளைப் பற்றித் தனக்கே உரிய முறையில் காட்டுவது. அதை ஒற்றைச் சொல்லால் எழுத முடியாது. எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரு முழு வாக்கியம் அதற்குத் தேவை. வாக்கியமாக எழுத முடியவில்லை என்றால் நாம் இன்னும் பேசுபொருளிலேயே நிற்கிறோம் என்று கொள்ளலாம்.

முதற்படி: இரண்டு முறை வாசித்தல்

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொட வேண்டாம். கதை தன் வேகத்தில் போகட்டும். படித்து முடித்தவுடன், நூலைத் திரும்பப் பார்க்காமல், நினைவில் தங்கிய மூன்று நான்கு காட்சிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏன் அவை தங்கின என்று அப்போது ஆராய வேண்டியதில்லை. இரண்டாம் வாசிப்பில்தான் அடிக்கோடும் ஓரக்குறிப்பும் வர வேண்டும். நேரமில்லை என்பவர்கள் தொடக்கத்தையும் முடிவையும் நினைவில் தங்கிய அந்தக் காட்சிகளையும் மட்டுமாவது மறுபடி வாசிப்பது நல்லது.

இரண்டாம் படி: திரும்ப வருவதை எண்ணுதல்

இப்படியை ஒரு சிறு பாடலில் செய்து பார்ப்பது எளிது. புறநானூற்றின் 112ஆம் பாடல், பறம்புமலைத் தலைவன் பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

ஐந்தே அடிகள். தாளை நடுவில் மடித்து, முதல் இரண்டடிகளை ஒரு பக்கமும் பின் மூன்றடிகளை மறுபக்கமும் எழுதுங்கள். திங்கள், வெண்ணிலவு, எந்தை, குன்று ஆகிய நான்கும் இரு பக்கங்களிலும் உள்ளன. மாறியிருப்பவை சிறிய சொற்கள்: ‘அற்றை’ ‘இற்றை’ ஆயிற்று, ‘அ’ ‘இ’ ஆயிற்று, ‘உடையேம்’ ‘இலம்’ ஆயிற்று, ‘கொளார்’ ‘கொண்டார்’ ஆயிற்று. நிலவுக்கு மட்டும் எதுவும் நேரவில்லை. அது அன்றும் வெண்ணிலவு, இன்றும் வெண்ணிலவு.

அடுத்து வரிசையைப் பாருங்கள். முதற்பாதியில் தந்தை முதலில் வருகிறான், குன்று பின்னால் வருகிறது. இரண்டாம் பாதியில் குன்று முன்னே போய்விடுகிறது, தந்தை இறுதிக்கு வந்துவிடுகிறான். பாடலின் கடைசிச் சொல் ‘இலமே’. ‘யாம்’ என்னும் தன்மைப் பெயரும் அந்தக் கடைசி அடியில்தான் தனித்து நிற்கிறது. எல்லாம் போன பிறகு ‘நாங்கள்’ மட்டும் மிஞ்சியிருக்கிறோம் என்பதுபோல. முதற்பாதியில் பெயரில்லாத ‘பிறர்’ஆக இருந்தவர்கள் இரண்டாம் பாதியில் முரசுடன் ‘வேந்தர்’ஆக வருகிறார்கள்.

எவை இல்லை என்பதையும் எண்ணுங்கள். அழுகை என்ற சொல் இல்லை. துயரம் என்ற சொல் இல்லை. சாபம் இல்லை. ‘உடையோம், இப்போது இல்லோம்’ என்னும் கணக்கு மட்டுமே இருக்கிறது.

இவ்வளவும் தாளில் ஏறிய பின்னரே வாக்கியத்துக்குப் போக வேண்டும். ‘தந்தையை இழந்த மகளிரின் துயரம்’ என்று எழுதினால் அது பேசுபொருள். ‘உலகம் முன்போலவே இருக்க, தம்முடையது மட்டும் இல்லாமற் போவதை உணர்வதில்தான் இழப்பின் முழுக் கனமும் இருக்கிறது’ என்று எழுதினால் அது கருப்பொருள். நிலவு ஏன் மாறவில்லை என்பதற்கும், அழுகை ஏன் இல்லை என்பதற்கும் இவ்வாக்கியம் பதில் சொல்கிறது.

இன்னொரு வாக்கியமும் இதே பாடலில் இருந்து கிடைக்கும். ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பதில் ஒரு முள் இருப்பதாகப் பலர் வாசிப்பர். பாரியைப் போரால் வெல்லாமல் சூழ்ச்சியால் கொன்றவர்கள் என்று மரபு சொல்லும் வேந்தர்களை வென்றவர் என்று அழைப்பது எள்ளல் என்பது அவ்வாசிப்பு. இதற்கான ஆதாரம் இப்பாடலுக்குள் இல்லை. கபிலர் பாடிய 109ஆம் பாடலில், ஆடியும் பாடியும் சென்றால் பாரி நாட்டையும் குன்றையும் ஒருசேரக் கொடுத்துவிடுவான் என்றும், படையால் அவற்றைக் கொள்ள முடியாது என்றும் வருகிறது. அதை அருகில் வைத்தால்தான் எள்ளல் தெரிகிறது. இப்படி வெளியிலிருந்து ஒளி வாங்கும் வாசிப்பும் ஏற்கத்தக்கதே. ஆனால் எங்கிருந்து வாங்கினோம் என்பதைக் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் படி: யாருக்கு என்ன வேண்டும்

நாவலில் திரும்ப வரும் சொற்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் காலம் போதாது. அங்கே மாந்தர்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முதன்மை மாந்தரையும் பற்றி நான்கு கேள்விகள் கேளுங்கள்: அவருக்கு என்ன வேண்டும், அதைக் குறுக்கே நின்று தடுப்பது எது, அதை அடைய அவர் எந்த வழியை எடுக்கிறார், அந்த வழிக்கு அவர் கொடுக்கும் விலை என்ன.

1942இல் வெளிவந்த ‘நாகம்மாள்’ தமிழின் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது. கொங்குச் சிற்றூர் ஒன்றில், கணவனை இழந்த நாகம்மாள் கணவனின் தம்பி சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள். நிலத்தில் தனக்குரிய பாகத்தைப் பிரித்துத் தரக் கேட்கிறாள். ஊரில் பொல்லாதவன் எனப் பெயரெடுத்த கெட்டியப்பன் அவள் பக்கம் நிற்கிறான். பிணக்கு முற்றிச் சின்னப்பன் உயிரிழப்பதில் கதை முடிகிறது.

நாகம்மாளுக்கு என்ன வேண்டும்? நிலம் என்பது உடனே வரும் பதில். சற்றுப் பொறுத்துக் கேட்டால், அந்த வீட்டில் தன் சொல்லுக்கும் ஓர் எடை வேண்டும் என்பது அதற்கு அடியில் இருப்பது தெரியும். கணவன் இருந்தபோது இருந்த இடம் இப்போது இல்லை. நிலம் அந்த இடத்தை மீட்டுத் தரும் என்று அவள் நம்புகிறாள். தடுப்பது யார்? சின்னப்பனைக் கொடியவனாகக் காட்டியிருந்தால் கதை எளிதாகியிருக்கும். அவன் காடு கரையில் பாடுபடும் சாதாரணக் குடியானவன். ஆகவே தடை ஒரு மனிதனிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. அவள் எடுக்கும் வழி எது? நேராகப் போய்க் கேட்டுப் பெறும் வழி அவளுக்கு இல்லை. ஆண் ஒருவனின் கைத்தடி வழியாகத்தான் அவளுடைய நியாயம் வெளியே நடக்க முடிகிறது. விலை என்ன என்பதைக் கடைசிப் பக்கம் சொல்கிறது.

இந்த நான்கு பதில்களையும் கோத்தால் ஒரு வாக்கியம் பிறக்கிறது: ‘தன் நியாயத்தைத் தானே கேட்டுப் பெறும் வழி அடைபட்டவளுக்கு, அதைப் பிறர் கையில் கொடுத்துக் கேட்க நேரும்போது, நியாயம் அவள் எண்ணாத இடத்துக்குப் போய்விடுகிறது.’ இது என் வாசிப்பு. ‘கட்டுக்கு அடங்காத ஆசை குடும்பத்தை அழிக்கும்’ என்று வாசிப்பவர்களும் எங்கள் வட்டத்தில் உண்டு. அந்த வாசிப்பை எப்படிச் சோதிப்பது என்று பின்னர் பார்ப்போம்.

நான்காம் படி: தலைப்பும் இரு முனைகளும்

தலைப்பு, முதற்பக்கம், கடைசிப்பக்கம் ஆகிய மூன்றிலும் ஆசிரியர் கூடுதல் கவனம் செலுத்தியிருப்பார் என்று கொள்வது பெரும்பாலும் பிழையாவதில்லை. தலைப்புக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, 2023ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற தேவிபாரதியின் ‘நீர்வழிப்படூஉம்’. கொங்குநாட்டுக் குடிநாவிதர் குடும்பங்களின் வாழ்வை மையமாகக் கொண்ட நாவல் அது. தலைப்பு, கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில் இருந்து வருகிறது. ‘யாதும் ஊரே’ என்னும் முதலடியை அறியாத தமிழர் இல்லை. ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்னும் நடுப்பகுதியை நினைவில் வைத்திருப்போர் குறைவு. பெருமிதமாக எடுத்துச் சொல்லப்படும் அடியை விட்டுவிட்டு, ஆற்றோடு போகும் மிதவையைப் பற்றிய அடியை ஆசிரியர் எடுத்திருக்கிறார் என்பதே முதல் தடயம்.

இலக்கணமும் இங்கே உதவுகிறது. ‘படூஉம்’ என்பது மூலப்பாடலில் ‘புணை’ என்னும் பெயரைத் தழுவி நிற்கும் பெயரெச்சம். நாவலின் தலைப்பில் அந்தப் பெயர் இல்லை. எச்சம் எச்சமாகவே நிற்கிறது. நீரின் வழியே போவது யார், எது என்ற கேள்வியோடு நாம் நூலைத் திறக்கிறோம். அத்தோடு நிறுத்திவிடாமல், பாடல் சொல்லும் ‘முறைவழிப் படுதல்’ என்பதை நாவல் ஒப்புக்கொள்கிறதா, அல்லது அந்த முறையை வகுத்தவர் யார் என்று திருப்பிக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். மேற்கோள் தலைப்பு என்றால் ஆசிரியர் அதற்கு உடன்பட்டே தீர வேண்டும் என்பதில்லை.

முதற்பக்கத்தையும் கடைசிப்பக்கத்தையும் அடுத்தடுத்து வாசித்து, தொடக்கத்தில் இருந்தது எது முடிவில் இல்லை என்று எழுதுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

ஐந்தாம் படி: வட்டாரச் சொல்லைத் தவறவிடாமை

கொங்கு இலக்கியத்தை வாசிக்கும் வெளியூர் நண்பர்களிடம் நான் மறவாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. “மாமன் காட்டுக்குப் போயிட்டாருங்க” என்று ஒரு பாத்திரம் சொன்னால், புலி உலவும் வனத்துக்குப் போனார் என்று கொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்தில் காடு என்பது மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலம். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். வாய்க்கால் பாயும் நெல் நிலம் வயல். பங்கு பிரிக்கும் கதையில் ஒருவனுக்குத் தோட்டமும் இன்னொருவனுக்குக் காடும் போனது என்று ஒரே வரியில் வந்தால், அநீதி அந்த வரியிலேயே நிகழ்ந்துவிட்டது. அடுத்து வரும் சண்டை அதன் எதிரொலி. அகராதிப் பொருளோடு வாசிப்பவர் அந்த வரியைக் கடந்து போய்விட்டு, சகோதரர்கள் காரணமின்றி மோதிக்கொள்கிறார்கள் என்றும், எனவே கருப்பொருள் ‘மனித மனத்தின் புரியாத வன்மம்’ என்றும் எழுதிவிடுவார். இது கற்பனை அன்று. இப்படி எழுதப்பட்ட கட்டுரையை நான் திருத்தியிருக்கிறேன்.

பண்ணயம் (வேளாண்மை), இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள பாதை), பங்காளி, தொண்டுப்பட்டி (மாடு அடைக்கும் இடம்) போன்ற சொற்களையும் அவ்வாறே நின்று கவனிக்க வேண்டும். பங்காளி என்பவன் வெறும் உறவினன் அல்லன். பங்குக்கு உரியவன் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அன்பையும் வழக்கையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கும் உறவுமுறை அது. பெருமாள்முருகன் தொகுத்து 2000இல் வெளியான கொங்கு வட்டாரச் சொல்லகராதியைக் கையருகே வைத்துக்கொள்வது நல்லது. தொல்காப்பியர் கருப்பொருள் என்றது இந்த மட்டத்தில்தான் நமக்குப் பயன்படுகிறது: கிணறும் கிளுவை வேலியும் ஆட்டுப்பட்டியும் அலங்காரமாக அங்கே வைக்கப்படவில்லை, உரிப்பொருள் அவற்றின் மேல் ஏறித்தான் நம்மிடம் வருகிறது.

உரையாடல் ஒரு மொழியிலும் விவரிப்பு இன்னொரு மொழியிலும் இருந்தால் அதையும் குறியுங்கள். ஆசிரியர் மாந்தரோடு நிற்கிறாரா, சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறாரா என்பதை அந்த இடைவெளி காட்டக்கூடும்.

ஆறாம் படி: காலத்தையும் சட்டத்தையும் அருகில் வைத்தல்

நாகம்மாளுக்குச் சட்டப்படி உரிமை இருந்ததா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கறிஞர் கேட்டார். நல்ல கேள்வி. 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கூட்டுக்குடும்பத்தில் கணவனுக்கு இருந்த பங்கை அவன் மனைவிக்கு அவள் ஆயுள்காலம் வரையிலான உரிமையாகக் கொடுத்தது. பாகம் பிரிக்கக் கேட்கவும் வழி செய்தது. ஆனால் மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அச்சட்டம் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கும் நீட்டித்தது 1947இல்தான். நாவல் வெளியான 1942, இவ்விரண்டுக்கும் இடையில் வருகிறது. நிலமே சொத்தாக இருந்த ஊரில், கைம்பெண்ணின் உரிமை ஏட்டில் இருந்தும் வரப்புக்குள் நுழைய முடியாத ஆண்டுகள் அவை.

இச்செய்தி நாவலின் வாசிப்புக்கு ஆழம் சேர்க்கிறது. எனினும் இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. ‘1941ஆம் ஆண்டுக் கருத்துரைக்கு எதிர்வினையாகவே இந்நாவல் எழுதப்பட்டது’ என்று எழுதத் தோன்றும். அதற்கு நாவலுக்குள் ஆதாரம் காட்ட முடியாத வரை அப்படி எழுதக் கூடாது. சூழலைப் பின்னணியாக நிறுத்தலாம். கருப்பொருளின் இடத்தில் அதை உட்கார வைத்தால், இலக்கியக் கட்டுரை வரலாற்றுக் கட்டுரையாகிவிடும். என் கணக்கில் ஐந்து பக்கக் கட்டுரைக்குச் சூழல் அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை.

ஏழாம் படி: வாக்கியத்தைச் சோதித்தல்

எழுதிய வாக்கியத்தை உடனே நம்பிவிடக் கூடாது. முதலில், நூலின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு நூலின் பெயரை அங்கே வையுங்கள். வாக்கியம் அப்படியே பொருந்தினால் அது இன்னும் பொதுவாக இருக்கிறது என்று பொருள். ‘பணம் உறவுகளைச் சிதைக்கும்’ என்பது ஆயிரம் நூல்களுக்குப் பொருந்தும்.

அடுத்து, உங்கள் வாக்கியத்துக்கு இடைஞ்சலான காட்சியைத் தேடிப் பிடியுங்கள். ஆதரவான காட்சிகள் தாமே வந்து நிற்கும். இடைஞ்சலானவற்றை நாம்தான் தேடிப் போக வேண்டும். முன்பு சொன்ன இரு வாசிப்புகளை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். ‘ஆசை குடும்பத்தை அழிக்கும்’ என்பவர், நாகம்மாளின் கேள்வியில் இருக்கும் நியாயத்தை நாவல் ஏன் மறைக்கவில்லை என்று விளக்க வேண்டும். என் வாசிப்போ, நல்லவனான சின்னப்பன் ஏன் சாக வேண்டும் என்று விளக்கியாக வேண்டும். நியாயம் நாகம்மாள் பக்கம் என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தச் சாவு என் வாக்கியத்துக்கு வெளியே கிடந்திருக்கும். ‘அவள் எண்ணாத இடத்துக்கு’ என்னும் சொற்களை நான் பின்னால் சேர்த்தது அதனால்தான். இரு வாசிப்புகளில் எது நூலின் கூடுதலான பகுதிகளைத் தாங்குகிறதோ அதுவே வலுவானது.

ஆசிரியரே கருப்பொருளைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? சிலப்பதிகாரத்தின் முகவுரையான பதிகம் மூன்றைச் சொல்கிறது: அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியன் வீழ்ந்து இறக்கும் இடத்தில் முதலாவது கண்முன் நிற்கிறது. ஆனால் மாதவியை இம்மூன்றில் எதற்குள் அடைப்பது? அவள் எழுதி அனுப்பும் மடல்களும், அவளுடைய துறவும், மகள் மணிமேகலையைப் பற்றிய அவள் முடிவும் இந்த மூன்று வாக்கியங்களுக்கும் வெளியே வழிகின்றன. சொல்லப்பட்ட கருப்பொருள் நம் தேடலுக்குத் தொடக்கம் தருகிறது. படைப்பு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். (இந்தக் காப்பியத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரை நிரம்பையூரினர் என்று கொங்கு மண்டல சதகம் எங்கள் நாட்டவராகப் போற்றுகிறது. அவர் உரை முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்தவரையில், ஒரு சொல்லுக்காக அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்த்தாலே வாசிப்பது எப்படி என்பது பாதி விளங்கிவிடும்.)

ஒரே நூலில் இரண்டு மூன்று கருப்பொருள்கள் இருப்பது இயல்பு. அவற்றுள் ஒன்று மற்றொன்றோடு மோதினாலும் மறைக்க வேண்டாம். அந்த மோதலே கட்டுரையின் சிறந்த பத்தியாக அமைவதுண்டு.

எட்டாம் படி: எழுதுதல்

கட்டுரையின் முதற்பத்தியில் உங்கள் வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். கதைச்சுருக்கம் ஐந்தாறு வரிகளைத் தாண்ட வேண்டாம். தமிழ்க் கட்டுரைகளில் பெரும்பாலும் இடத்தைத் தின்பது அதுதான். பிறகு வரும் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு சிறு கூற்றும், அதற்கு நூலிலிருந்து ஒரு சான்றும், அந்தச் சான்று கூற்றை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கமும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். மேற்கோளைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

பாரி மகளிர் பாடலைப் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: ‘இப்பாடலில் பாரி மகளிர் தம் துயரத்தை மிக உருக்கமாக வெளிப்படுத்துகின்றனர். படிப்போர் உள்ளத்தை இது உருக்குகிறது.’ இதில் பிழை ஒன்றும் இல்லை, பயனும் ஒன்றும் இல்லை. அவரே இரண்டு வாரம் கழித்துத் திருத்தி எழுதியது: ‘பாடல் இரு பாதிகளிலும் வெண்ணிலவை மாற்றாமல் வைத்து, தந்தையையும் குன்றையும் மட்டும் இடம் மாற்றுகிறது. முதற்பாதியில் குன்றுக்கு முன் நின்ற ‘எந்தை’ இறுதியில் ‘இலமே’ என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது. குன்றின் இழப்பைப் பேசத் தொடங்குவதுபோல் தோன்றும் அடிகள் தந்தையின் இழப்பில் போய் நிற்பதால், நாட்டை இழந்த துயரைவிட ஆளை இழந்த துயரே கடைசியாகக் காதில் தங்குகிறது.’ இப்பத்தியோடு நான் முழுதும் உடன்படவில்லை. இரு இழப்புகளையும் பாடல் பிரிக்கிறது என்பதைவிடப் பின்னுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மறுப்பதற்குப் பிடி கொடுக்கும் பத்தி அது. முதலாவதை மறுக்கவும் முடியாது.

எழுதி முடித்ததும், ‘சமூகம்’, ‘மனிதம்’, ‘யதார்த்தம்’, ‘வாழ்வியல்’ ஆகிய சொற்கள் வந்த இடங்களை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றையும் நூலில் உள்ள ஓர் ஆளாகவோ பொருளாகவோ செயலாகவோ மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவற்றை அடித்துவிடலாம்.

வெறுந்தாளைக் கொடுத்த அந்த மாணவி மூன்று வாரம் கழித்து ‘நாகம்மாள்’ பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரியில் ‘ஆணாதிக்கச் சமூகம்’ என்று இருந்தது. எந்தப் பக்கத்தில் அந்தச் சமூகம் வருகிறது என்று கேட்டேன். நூலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அச்சொல்லை அடித்து, மேலே பென்சிலால் ‘பாகம் கேட்கப் போகும்போது அவளுக்கு முன்னால் நடக்கிறவன்’ என்று எழுதினார். “இவன் யாருன்னு சொல்லத்தானுங்கய்யா மிச்ச நாலு பக்கமும்” என்றார்.